பன்னிரண்டாவது ஸ்டிக்கர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறை சொல்லக் கூடாது. இந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு நான் செய்கிற தொழில் என்ன தெரியுமா? அலுவலகம் அலுவலகமாகப் போய், மேலாளர்களை வரிசையாக உட்காரவைத்து, தங்களுக்குக் கீழே வேலை செய்கிற ஒருவரையும் ஓரங்கட்டாமல் எல்லோரையும் சேர்த்துக்கொண்டு போவது எப்படி என்று பாடம் எடுப்பது. தலைமைப் பயிற்சி என்று அதற்குப் பெயர். சிரிக்காதீர்கள். நன்றாகவே எடுப்பேன்.

இந்தத் தொழிலுக்கு நான் வந்ததே ஒரு வயிற்றெரிச்சலில்தான். முன்பு ஓர் அலுவலகத்தில் ஒன்பது வருடம் குப்பை கொட்டினேன். கூட்டம் நடக்கும். நான் ஒரு யோசனை சொல்வேன். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். மூன்று நிமிடம் கழித்து, பக்கத்து நாற்காலிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு அதையே சொல்வார். "பிரமாதம்!" என்று மேலாளர் மேசையைத் தட்டுவார். ஒன்பது வருடத்தில் பக்கத்து நாற்காலிக்கு மூன்று பதவி உயர்வு. என் நாற்காலிக்கு ஓர் உடைந்த சக்கரத்தைக்கூட மாற்றித் தரவில்லை. ஒரு நாள் பொறுக்க முடியாமல் அடையாள அட்டையைக் கழற்றி மேலாளரின் காபிக் கோப்பைக்குள் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அதன் பிறகு ஒண்டி ஆளாக நின்று இந்தப் பயிற்சி நிறுவனத்தைக் கட்டினேன். ஆறு வருடம் ஆகிறது. ஒண்டி என்றால், என் வீட்டுக்காரரும் இருக்கிறார். வேன் ஓட்டுவார், புரொஜெக்டர் தூக்குவார், ஸ்டிக்கர் எழுதுவார், தேநீர் கொடுப்பார். மற்றதெல்லாம் நான்தான்.

அந்த வெள்ளிக்கிழமை எங்களுக்கு வாழ்வா சாவா என்கிற நாள். ஒரு பெரிய மெத்தைக் கம்பெனி. அவர்களுடைய துறைத் தலைவர்கள் பன்னிரண்டு பேருக்கு மாதிரிக்கு ஒரு பயிற்சி எடுத்துக் காட்ட வேண்டும். பிடித்துப்போனால் பதினெட்டுக் கிளைகளுக்கும் வருடம் முழுக்க நாங்கள்தான். பிடிக்காவிட்டால் நிறுவனத்தை இழுத்து மூட வேண்டியதுதான், ஏனென்றால் கையில் வேறு வேலையே இல்லை. போதாக்குறைக்கு அந்த வாரம் பழைய மேலாளரிடமிருந்து ஒரு செய்தி: 'உங்கள் நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. வருவதாக இருந்தால் திங்கள்கிழமைக்குள் சொல்லவும்.' 

காலையில் கிளம்பும்போது வீட்டுக்காரர் ஸ்டிக்கர் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு வழியில் நின்றார்.

"ஒண்ணு சொல்லணும்."

"அப்புறம் சொல்லுங்க. நேரமாச்சு."

வேனில் ஏறும்போது, கீழே எங்கேயோ பார்த்துக்கொண்டே மறுபடியும் ஆரம்பித்தார். "இல்ல, இன்னொண்ணும் சொல்லணும்..."

"என்னங்க, நான் மனசுக்குள்ள பேச்சை ஓட்டிப் பார்த்துக்கிட்டிருக்கேன். குறுக்க குறுக்கப் பேசாதீங்க!"

அவர் வண்டியை எடுத்தார். நான் கண்ணை மூடி ஒத்திகை பார்த்தேன். 'நல்ல தலைவருக்கு முதலில் வேண்டியது வாய் அல்ல, காது.' இந்த வரிக்கு எப்போதும் கைதட்டல் விழும்.

மெத்தைக் கம்பெனியின் வாசலில் காவலாளி என் பெயரைக் கேட்டு நோட்டில் எழுதி, விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். வேனுக்குள் குனிந்து சாமான்களை இறக்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரர், "வணக்கங்க, என் பேரும் எழுதணுமா?" என்று கேட்டார். காவலாளி போனில் யாரிடமோ கிசுகிசுத்துவிட்டு ஆகாயத்தைப் பார்த்தார். பறவை ஏதாவது பார்க்கிறார்போல என்று நினைத்துக்கொண்டு நான் உள்ளே போனேன். நான் எப்போதும் முன்னால் நடப்பவள்.

பயிற்சிக்கு அவர்கள் ஒதுக்கியிருந்தது மாதிரி மெத்தைகளை வைத்திருக்கும் கூடம். நாற்காலி என்ற பேச்சே இல்லை. அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவரான மனிதவளத் துறையின் தலைவி, கண்ணாடியைச் சங்கிலியில் கட்டி மார்பில் தொங்கவிட்டிருந்த உயரமான அம்மாள், என்னை வரவேற்றார். எல்லோரும் அவரை மேடம் என்றார்கள், என்னை டீச்சர் என்றார்கள். பதினெட்டுக் கிளையும் அந்த மேடத்தின் ஒரு தலையசைப்பில்தான் இருந்தது.

"எங்க மெத்தைமேல எங்களுக்கே நம்பிக்கை வேணாமா டீச்சர்? அதனால இங்க எல்லாரும் மெத்தையிலதான்" என்றார் மேடம்.

பன்னிரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தார்கள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அமிழ்ந்தார்கள். கிடங்குத் தலைவர் ஆள் மலை மாதிரி இருப்பார். அவர் ஒரு முனையில் உட்கார்ந்ததும் அடுத்த முனையில் இருந்த ஒல்லியான விற்பனைத் தலைவர் உருண்டு வந்து அவர் மடியில் விழுந்தார். தரம் பார்க்கும் துறையின் தலைவருக்குக் கொட்டாவி என்று பட்டப்பெயர். நாள் முழுக்க மெத்தைகளில் படுத்துப் பார்ப்பதுதான் அவர் வேலை. பழக்கதோஷத்தில் அவர் உட்காரவே இல்லை, நேராகப் படுத்துவிட்டார். தையல் பிரிவின் தலைவி மட்டும் கடைசிவரை முதுகு வளையாமல் நிமிர்ந்து இருந்தார். அவரை அங்கே எல்லோரும் தையலக்கா என்று சொன்னார்கள், கொஞ்சம் பயத்தோடு.

"ப்ளக் எங்கங்க இருக்கு?" என்று வீட்டுக்காரர் பொதுவாகக் கேட்டார்.

பன்னிரண்டு பேரும் கூரையைப் பார்த்தார்கள். கூச்சப்படுகிறார்கள்போல என்று நினைத்து, "திரைக்குப் பின்னாடி பாருங்க" என்று நானே திரும்பாமல் சொன்னேன். அவர் புரொஜெக்டரைச் சொருகிவிட்டுச் சுவர் ஓரமாகப் போய் நின்றார். எல்லாப் பயிற்சியிலும் அவர் நிற்கிற இடம் அதுதான்.

நான் என் ஒன்பது வருடக் கதையைச் சொன்னேன். உடைந்த சக்கரத்தைச் சொன்னேன். காது வரியைச் சொன்னேன், கைதட்டல் விழுந்தது. இடைவேளையில் வீட்டுக்காரர் பிஸ்கட் தட்டை நீட்டிக்கொண்டு போனார். தட்டு தானாக மிதந்து வருவதுபோல எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டி எடுத்தார்கள். மேடத்தின் கண்ணில் தண்ணீர். ஆகா, என் பேச்சு வேலை செய்கிறது, பதினெட்டில் பாதி வந்தாயிற்று என்று எனக்குள் ஒரே குதியாட்டம்.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் மூன்றாவது முறையாகப் பக்கத்தில் வந்து, "அந்த ஸ்டிக்கர் விஷயமா ஒண்ணு சொல்லணும்..." என்றார். ஈ ஓட்டுவது மாதிரி கையை ஆட்டினேன். போய்விட்டார்.

அடுத்தது ஸ்டிக்கர் விளையாட்டு. எங்கள் பயிற்சிக்கு உயிரே அதுதான். 'ஒரு நாள் எனக்குப் பளிச்சென்று ஒரு யோசனை வந்தது' என்று ஆரம்பித்து, இதை நான் கண்டுபிடித்த கதையை ஒவ்வொரு இடத்திலும் சொல்வேன். அங்கேயும் சொன்னேன். விளையாட்டு சுலபம். ஒவ்வொருவர் நெற்றியிலும் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர். என்ன எழுதியிருக்கிறது என்று ஒட்டிக்கொண்டவருக்குத் தெரியாது, மற்றவர்களுக்குத் தெரியும். எழுதியிருப்பதுபோல அவரை நடத்த வேண்டும். எல்லோரும் ஒரு விஷயத்தைக் கலந்து பேச வேண்டும். முடிந்ததும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்ட ஒவ்வொருவரிடமும் "எப்படி இருந்தது?" என்று கேட்க வேண்டும். ஒருவரைக்கூடக் கேட்காமல் விடக் கூடாது. அது கண்டிப்பான விதி.

"நீங்க ஆரம்பிங்க. கொஞ்ச நேரம் பார்த்துட்டு நானும் சேர்ந்துக்கறேன்" என்றார் மேடம். பதினொரு பேருக்கு ஒட்டிவிட்டேன். மதிய உணவு நேரத்தை மாற்றலாமா என்பதுதான் பேச வேண்டிய விஷயம்.

கிடங்குத் தலைவர் நெற்றியில் 'இவர் என்ன சொன்னாலும் சிரியுங்கள்' என்று இருந்தது. அவர் பாவம், உண்மையான வருத்தத்தோடு ஆரம்பித்தார். "நேரத்தை மாத்தினா எனக்குக் கஷ்டம். போன மாசம்தான் கால்மேல பாரம் ஏறி ரெண்டு விரல் நசுங்கிப்போச்சு, அவ்வளவு தூரம் வேகமா நடக்க முடியல." கூடமே வெடித்துச் சிரித்தது. அவர் முதலில் திகைத்தார். பிறகு முகம் மலர்ந்தது. வாழ்க்கையில் அவர் சொன்னதற்கு யாரும் சிரித்ததே இல்லையாம். உற்சாகமாகி, தனக்கு நடந்த குடலிறக்க அறுவை சிகிச்சையை ஆதியோடந்தமாகச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

கொட்டாவிக்கு 'இவர் சொல்வதற்கெல்லாம் ஆமாம் போடுங்கள்'. படுத்தபடியே, "சாப்பிட்டதும் எல்லாரும் ஒரு மணி நேரம் தூங்கணும்" என்றார். ஒருமனதாக நிறைவேறியது. "ரெண்டு மணி நேரம்" என்றார். அதுவும் நிறைவேறியது. தையலக்காவுக்கு 'இவர் பேசும்போது குறுக்கே பேசுங்கள்'. அவர் பேசினார். ஒரு ஈ காக்கை வாய் திறக்கவில்லை. விளையாட்டாவது மண்ணாவது, உயிர்மேல் எல்லோருக்கும் ஆசை இருந்தது.

"எனக்கும் ஒட்டுங்க டீச்சர்" என்று மேடம் நெற்றியை நீட்டினார்.

அவருக்கென்று நான் மனத்தில் குறித்து வைத்திருந்த ஸ்டிக்கர் ஒன்று உண்டு: 'இவரைக் கண்டுகொள்ளாதீர்கள்.' அதிகாரத்தில் இருப்பவர் அதை ஒட்டிக்கொண்டால்தான் விளையாட்டின் அருமை புரியும். டப்பாவுக்குள் கையை விட்டேன். காலி. கவிழ்த்துத் தட்டினேன். ஒன்றும் விழவில்லை. யாரையும் விட்டுவிடக் கூடாது என்று பாடம் எடுக்க வந்த இடத்தில், பதினெட்டுக் கிளைக்கும் கையெழுத்துப் போட வேண்டிய அம்மாளையே விட்டுவிட்டேன். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"என்னங்க! பன்னிரண்டாவது எங்க?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"அதைத்தான் காலையிலேருந்து சொல்ல வர்றேன். பன்னிரண்டு எழுதினேன், எண்ணிப் பார்த்தா பதினொண்ணுதான் இருக்கு. இரு, பைக்குள்ள விழுந்திருக்கான்னு பார்க்கறேன்" என்று வீட்டுக்காரர் எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்தார்.

எட்டுப் பைகள் வைத்துத் தைத்த நீல மேல்சட்டை ஒன்று அவரிடம் உண்டு. கத்திரிக்கோல், டேப், பேனா எல்லாம் அதில்தான். தினமும் அதைத்தான் போட்டுக்கொள்வார். அதன் முதுகில், நட்ட நடுவில், அவருடைய அழகான குண்டு எழுத்தில், மஞ்சளாக ஒட்டியிருந்தது: இவரைக் கண்டுகொள்ளாதீர்கள்.

மேடம் கைதட்டத் தொடங்கினார். மற்றவர்களும் தட்டினார்கள். கொட்டாவிகூட எழுந்து உட்கார்ந்து தட்டினார்.

"இருபது வருஷமா எத்தனையோ பயிற்சி பார்த்துட்டேன் டீச்சர், இப்படி ஒண்ணைப் பார்த்ததே இல்ல. வாசல்லயே ஆரம்பிச்சுட்டீங்களே! காவலாளி போன் பண்ணி, வந்தவர் முதுகுல இப்படி எழுதியிருக்கு, என்ன செய்யட்டும்னு கேட்டார். எழுதியிருக்கறபடி செய்னு சொல்லிட்டேன். இவங்க எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சேன். ஆனா அவர் பிஸ்கட் தட்டை நீட்டினப்ப ஒரு நன்றி சொல்ல முடியலையேன்னு எனக்கு அழுகையே வந்துடுச்சு."

"எனக்குந்தான்" என்றார் தையலக்கா. அப்போதும் யாரும் குறுக்கே பேசவில்லை.

"ஆனா எங்க எல்லாரையும் நீங்க தூக்கிச் சாப்பிட்டுட்டீங்க. காலையிலேருந்து ஒரே ஒரு தடவைகூட அவர் முகத்தைப் பார்க்கலையே! ஒண்ணு சொல்லணும்னு அவர் வந்தப்ப, ஈ ஓட்டுற மாதிரி கையை ஆட்டினீங்க பாருங்க. என்ன நடிப்பு, என்ன நடிப்பு!"

நான் ஒரு வணக்கம் வைத்திருந்தால் போதும். பதினெட்டும் கைக்குள் வந்துவிட்டது.  அதற்குள் மேடம் என் விதியையே எடுத்து என் முன்னால் வைத்துவிட்டார். "ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டவரைக் கேட்காம விடக் கூடாதில்ல? சார், சொல்லுங்க. உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

வீட்டுக்காரர் முதுகுக்குப் பின்னால் கையை விட்டு ஸ்டிக்கரைப் பிய்த்து எடுத்து உற்றுப் பார்த்தார். "அடடே, இங்கயா இருந்துச்சு! புதன்கிழமை எழுதி, மை காயறதுக்காக நாற்காலி முதுகுல ஒட்டி வெச்சேன். அது நாற்காலி இல்ல, அதுல தொங்கிக்கிட்டிருந்த என் சட்டை போலிருக்கு."

"புதன்கிழமையா? அப்ப ரெண்டு நாளா இதோடயா சுத்திக்கிட்டிருந்தீங்க?" என்றார் தையலக்கா.

"ஆமாங்க. அதான் பல் டாக்டர்கிட்ட ஒன்றரை மணி நேரம் கூப்பிடாமயே விட்டுட்டாங்க. இப்பத்தான் புரியுது."

"வீட்டுல?"

அவர் யோசித்தார். கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டுமே என்கிற யோசனைதான் அது. அவருக்குக் குத்திக்காட்டத் தெரியாது. "வீட்டுல வித்தியாசம் ஒண்ணும் தெரியலங்க. எப்பவும் போலத்தான் இருந்துச்சு."



"அடப் பாவமே" என்றார் கிடங்குத் தலைவர்.

விதி விதிதானே. எல்லோரும் சிரித்தார்கள். பாதியில் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். கடைசியாக நிறுத்தியவர் கொட்டாவி.

எனக்கு அவமானமாக இருந்தது. இரண்டு நாளாக அந்த முதுகு அடுப்பங்கரையில் எனக்கு முன்னால்தான் நின்றது. அவர் கொண்டுவந்து வைத்த காபியைக் குடித்துக்கொண்டு, காதைப் பற்றி உரை எழுதிக்கொண்டிருந்தேன். பழைய மேலாளர்மேல் ஆறு வருடமாக நான் வளர்த்து வந்த கோபம் மொத்தமும் திரும்பி வந்து என் தலையிலேயே இறங்கியது.

"இது நடிப்பு இல்ல மேடம்" என்றேன்.  "அவர் சொல்ல வந்ததை நான் நிஜமாவே கேட்கல. ஸ்டிக்கர் அவர் முதுகுல இருக்கறதும் எனக்குத் தெரியாது. இன்னொண்ணும் சொல்லிடறேன். இந்த விளையாட்டு என் யோசனை இல்ல. வேலையை விட்டுட்டு வந்த அன்னிக்கு நான் வீட்டுல உட்கார்ந்து அழுதேன். இவர்தான் ஒரு தாள்ல 'இவர் சொல்வதைக் கேளுங்கள்'னு எழுதி என் நெத்தியில ஒட்டினார். அவரும், இப்ப ஹாஸ்டல்ல படிக்கற எங்க பொண்ணும் முன்னாடி உட்கார்ந்துக்கிட்டாங்க. மூணு மணி நேரம் பேசினேன். ரெண்டு பேரும் குறுக்க ஒரு வார்த்தை பேசல. அங்கேருந்து வந்ததுதான் இந்த விளையாட்டு. அதை என் யோசனைன்னு ஊர் ஊரா சொல்லிக்கிட்டு திரியறேன். என் பக்கத்து நாற்காலிக்காரர் எனக்குப் பண்ணினதைத்தான் நான் இவருக்குப் பண்ணியிருக்கேன்."

பதினெட்டுக் கிளையும் போயிற்று என்று தெரிந்தே சொன்னேன். திங்கள்கிழமை, உடைந்த சக்கரம், தொண்டைச் செருமல் எல்லாம் கண்முன் வந்து நின்றன.

மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். "சார், இந்த வேலையை உங்க நிறுவனத்துக்குக் கொடுக்கலாமா வேணாமான்னு நான் டீச்சரைக் கேட்கப் போறதில்ல. உங்களைத்தான் கேட்கறேன். நீங்க சொல்லுங்க."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "ஒண்ணு சொல்லணும்..."

"அப்புறம்..." என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். பன்னிரண்டு பேரும் என்னை முறைத்த முறைப்பில், தையலக்காவின் முறைப்பு ஒன்றே என்னை மெத்தையோடு சேர்த்துத் தைத்துவிடும்போல இருந்தது. அவருடைய சட்டைப் பையில் மிச்சமிருந்த வெற்று ஸ்டிக்கர் தாளிலிருந்து ஒன்றைக் கிழித்து, 'இவர் சொல்வதைக் கேளுங்கள்' என்று எழுதி, அவர் நெற்றியில் ஒட்டிவிட்டு எதிரே நின்றேன்.

அவர் என்ன ஒட்டினேன் என்று கேட்கவில்லை. விளையாட்டின் விதி அவருக்குத் தெரியும்.

"எனக்கு மேடையில பேச வராதுங்க. அதெல்லாம் இவதான். இவ பேசினா நல்லா இருக்கும். ஆனா எப்படி இருந்துச்சுன்னு கேட்கறாங்க பாருங்க, அந்தக் கேள்வியை மட்டும் நான் கேட்கறேன். எனக்கு அதுல ஆசை" என்றார்.  "அப்புறம், ஆறு வருஷமா நின்னுக்கிட்டே இருக்கேன். உட்கார எனக்கும் ஒரு இடம் வேணும்."

கிடங்குத் தலைவர் நசுங்கிய விரலையும் மறந்து ஓடினார். தனி ஆளாக ஒரு இரட்டை மெத்தையைத் தூக்கிவந்து நடுக்கூடத்தில் போட்டார். வீட்டுக்காரர் அதில் உட்கார்ந்து இடுப்புவரை அமிழ்ந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். மேடம் தலையை அசைத்தார். பதினெட்டும் எங்களுக்கே.

திரும்பி வரும்போது அவர் நெற்றியில் ஸ்டிக்கரோடுதான் வேன் ஓட்டினார். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, சொல்லுங்க என்பதுபோலக் கண்ணாடியை இறக்கினார்.

"காலைல வேன்ல ஏறும்போது சொல்ல வந்தது இன்னும் பாக்கி இருக்கு" என்றார் வீட்டுக்காரர்.

நான் முழுதாக அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். "சொல்லுங்க."

"உன் செருப்பு."

குனிந்து பார்த்தேன். ஒரு காலில் கறுப்பு, ஒரு காலில் பழுப்பு. கறுப்பில் குதிகால் அரை அங்குலம் கூடுதல் உயரம். ஏன் காலையிலிருந்து இடுப்பு வலிக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது.

"கடவுளே! எல்லாரும் பார்த்துட்டாங்களா?"

"பார்த்தாங்க. கிடங்குக்காரர் நோட்டுல குறிச்சே வெச்சுக்கிட்டார். சின்னச் சின்ன வித்தியாசங்களையும் ஏத்துக்கணும்னு காட்டத்தான் டீச்சர் அப்படிப் போட்டுக்கிட்டு வந்திருக்காங்கன்னு."

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எல்லாம் சிரிப்பினால் வந்த தண்ணீர் என்று சொல்ல மாட்டேன்.

"வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "நிறைய இருக்கு."

"ஆரம்பிங்க."

வீட்டுக்கு நாற்பது நிமிட தூரம். வாசலில் வேனை நிறுத்தி என்ஜினை அணைத்த பிறகும் அவர் சொல்லி முடிக்கவில்லை. நானும் இறங்கவில்லை.